புராடக்ட் ஓனர் நேர்காணல்: முதல் இரண்டு நிமிடத்தில் என்ன பேசுவது

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் பலர் ரெஸ்யூமேயை மேலிருந்து கீழாக ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெயர், சொந்த ஊர், கல்லூரி, முதல் கம்பெனி, அடுத்த கம்பெனி. இப்போது பார்க்கும் வேலைக்கு வந்து சேர்வதற்குள் ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். கேட்பவர் கவனம் வேறெங்கோ போயிருக்கும். டெவலப்பர் வேலைக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, அடுத்து வரும் கோடிங் கேள்வியில் ஈடுகட்டிவிடலாம். புராடக்ட் ஓனருக்கு அந்த வசதி கிடையாது. எதை முன்னால் வைப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எதை அடியோடு விடுவது என்று தீர்மானிப்பதுதான் அந்த வேலையே. சொந்த அனுபவத்தையே வரிசைப்படுத்தத் தெரியாதவர் 200 ஐட்டம் கிடக்கும் பேக்லாக்கை (செய்ய வேண்டியவற்றின் பட்டியலை) எப்படி வரிசைப்படுத்துவார் என்ற சந்தேகம் அங்கேயே விழுந்துவிடும்.

ஸ்க்ரம் என்பது சிறு சிறு சுற்றுகளாக மென்பொருளைக் கட்டும் முறை. அதன் விதிநூலாக 2020-ல் வெளியான ஸ்க்ரம் கைடு, புராடக்ட் ஓனர் என்பவர் ஒரு தனி மனிதர், குழு அல்ல என்கிறது. டீமின் உழைப்பிலிருந்து புராடக்ட்டுக்குக் கிடைக்கும் பயனை அதிகமாக்குவது அவர் பொறுப்பு என்கிறது. அறிமுகத்தைக் கேட்பவர் மனதில் ஓடும் கேள்வியும் இதுதான்: இவர் கையில் முடிவு இருந்ததா, இல்லை யாரோ எடுத்த முடிவை ஜிராவில் (வேலைகளைப் பதிந்து பின்தொடரும் மென்பொருளில்) டிக்கெட்டாக ஏற்றிக்கொண்டிருந்தாரா? இதற்குப் பதில் வராத அறிமுகம் எவ்வளவு சரளமாக இருந்தாலும் வீண்.

அளவு

ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் போதும். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 120 முதல் 140 ஆங்கிலச் சொற்கள் வரும். ஆக மொத்தம் 180 முதல் 280 சொற்கள். எழுதிப் பார்த்தால் ஏ4 தாளில் அரைப் பக்கத்தைத் தாண்டக்கூடாது.

முதல் 20 விநாடி: இப்போது எந்தப் புராடக்ட், அதை யார் பயன்படுத்துகிறார்கள், டீம் எவ்வளவு பெரியது. அடுத்த 50, 60 விநாடி: நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதன் விளைவு. பிறகு 15 விநாடியில் இங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பது. கடைசி 15 விநாடி, இந்த வேலைக்கு ஏன் விண்ணப்பித்தீர்கள். நடுப்பகுதிதான் எடை தாங்குவது. பெரும்பாலோர் செய்வது நேர்மாறு: பழைய வரலாற்றுக்கு ஒன்றரை நிமிடம், முடிவுக்கு ஒரு வரி.

வயது, அப்பாவின் வேலை, பொழுதுபோக்கு, "ஹார்ட் வொர்க்கர், குவிக் லேர்னர்" எல்லாம் கேம்பஸ் பிளேஸ்மென்ட் பயிற்சியில் ஒட்டிக்கொண்டவை. எட்டு வருட அனுபவத்தோடு போகிறவர் வாயிலிருந்து "மைசெல்ஃப் இன்னார்" என்று தொடங்கினால், உள்ளே இருக்கும் அனுபவம் வெளியே தெரிவதற்குள் ஃப்ரெஷர் வாடை அடித்துவிடும். சம்பளமும் நோட்டீஸ் பீரியடும் கேட்டால் சொல்லுங்கள், நீங்களாக எடுக்காதீர்கள்.

ஒரு மாதிரி

நேர்காணல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கீழே இருப்பதைப் பொருளுக்காகப் படியுங்கள், பிறகு உங்கள் ஆங்கிலத்தில் உங்கள் விவரத்தை வைத்து எழுதுங்கள். ஆளும் எண்களும் கற்பனை. சூழ்நிலை கடன் துறையில் இருப்பவர்களுக்குப் பழகியதுதான். என்பிஎஃப்சி என்றால் வங்கி அல்லாத நிதி நிறுவனம், ஸ்பிரிண்ட் என்றால் ஸ்க்ரமின் ஒரு வேலைச் சுற்று, ஜேடி என்றால் வேலை விவரக் குறிப்பு.

"ஒரு என்பிஎஃப்சி-யில் டூவீலர் லோன் ஆப்புக்கு நான் புராடக்ட் ஓனர். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் டீலர் எக்சிகியூட்டிவ்தான் எங்கள் யூசர். கஸ்டமர் எதிரே காத்திருக்க, ஆவணங்களைப் படம் எடுத்து அவர்தான் அனுப்புவார். ஆறு டெவலப்பர், இரண்டு டெஸ்டர், இரண்டு வார ஸ்பிரிண்ட். போன வருடம் சேல்ஸ் தரப்பு புது இஎம்ஐ கால்குலேட்டர் கேட்டார்கள். அதே சமயம் 100 விண்ணப்பத்தில் 27, ஆவணம் சரியில்லை என்று கிரெடிட் டீமிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு மாதம் திரும்பி வந்ததை எல்லாம் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஆதாரின் பின்பக்கம் விடுபட்டதும் படம் மங்கியதும்தான் காரணம். கால்குலேட்டரை இரண்டு ஸ்பிரிண்ட் தள்ளிவைத்து, படம் எடுக்கும் இடத்திலேயே சரிபார்க்கும் வசதியை முதலில் எடுத்தேன். சேல்ஸ் ஹெட்டுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய டீலர்களிடமிருந்தே திரும்பிய விண்ணப்பங்களின் பட்டியலைக் காட்டிப் பேசியபின் ஒத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் 27 என்பது 11 ஆனது. அதற்குக் கீழே இறங்கவில்லை. ஆதாரில் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக என்று இருப்பவைதான் மீதியில் பெரும்பகுதி, அதற்கு வேறு வழி வேண்டும். இதற்கு முன் நான்கு வருடம் பிசினஸ் அனலிஸ்ட், கடன் வேலையின் உள்விவரம் அங்கே பழகியது. உங்கள் ஜேடி-யில் டீலர் ஆன்போர்டிங் என்று பார்த்தேன். ஷோரூம் மேசையில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் விண்ணப்பித்தேன்."

இதில் ஒவ்வொரு வரியும் அடுத்து வரப்போகும் கேள்விக்கு ஒரு கொக்கி. "சேல்ஸ் ஹெட்டுக்குப் பிடிக்கவில்லை" என்றால், "அவர் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால்?" என்று கேள்வி வரும். "27" என்றால், "அந்த எண்ணை யார் எடுத்தது, எந்த ரிப்போர்ட்டிலிருந்து?" வரும். "இரண்டு ஸ்பிரிண்ட்" என்றால், "மூன்றாவதற்கு இழுத்திருந்தால் கால்குலேட்டரை என்ன செய்திருப்பீர்கள்?" வரும். அதனால்தான், ஐந்து நிமிடம் விடாமல் பேச முடியாத எதையும் அறிமுகத்தில் வைக்கக்கூடாது. நேற்று யூடியூபில் பார்த்த முன்னுரிமை ஃபார்முலாவின் பெயரை அழகுக்காகச் சொருகினால், அதிலிருந்தே முதல் கேள்வி வரும்.

11-க்குக் கீழே இறங்கவில்லை என்ற வரியைப் பலர் வெட்டிவிடப் பார்ப்பார்கள். வெட்டாதீர்கள். புராடக்ட்டை வெளியிட்டபிறகும் அதைக் கவனித்தவருக்கு மட்டுமே அந்த வரி தெரிந்திருக்கும்; முழு அறிமுகத்தையும் நம்ப வைப்பது அதுதான்.

எதிர்மாறான மாதிரி ஒன்று, தினமும் கேட்கக் கிடைப்பது: "ஸ்டேக்ஹோல்டர்களிடம் ரிக்வயர்மென்ட் வாங்கி, யூசர் ஸ்டோரி எழுதி, பேக்லாக்கைப் பராமரித்து, ஸ்க்ரம் செரிமனிகளில் கலந்துகொண்டேன்." (யூசர் ஸ்டோரி என்பது யூசருக்கு என்ன வேண்டும் என்ற சிறு குறிப்பு, செரிமனி என்பது ஸ்க்ரமின் வழக்கமான கூட்டங்கள்.) நான்கு வினைச்சொல் இருக்கிறது, ஒரு முடிவுகூட இல்லை. இந்த வரியை எந்த புராடக்ட் ஓனரும் எந்தக் கம்பெனியைப் பற்றியும் சொல்லலாம். இதைச் சரிசெய்ய ஒரே கேள்வி போதும்: நான் லீவில் போயிருந்தால் எது வேறு மாதிரி நடந்திருக்கும்? பதில் வரும் இடம்தான் உங்கள் முடிவு. பதிலே வரவில்லை என்றால் வேறு புராஜெக்ட்டைத் தேடுங்கள்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம், எதற்கும் "நாங்க பண்ணோம்" என்பது. அடக்கம் நல்லதுதான், ஆனால் யார் என்ன செய்தார் என்பது கேட்பவருக்குப் புரியாது. முடிவுக்கு "நான்", கட்டிக்கொடுத்ததற்கு "டீம்" என்று பிரித்துச் சொன்னால் பெருமையடிப்பதாகவும் தெரியாது, ஒளிந்துகொள்வதாகவும் தெரியாது.

எண் கிடைக்காவிட்டால்

எல்லா வேலைக்கும் சதவீதம் கிடைக்காது. உள்நிறுவன ஆப், அரசு கிளையன்ட், பாதியில் நின்ற புராஜெக்ட் என்று பல இருக்கும். அப்போது எண்ணை இட்டுக்கட்ட வேண்டாம், இரண்டாவது கேள்வியிலேயே அது சரிந்துவிடும். முன்பு எப்படி, பின்பு எப்படி என்று செயல்முறையைச் சொன்னால் போதும்: முன்பு கிளையில் இருப்பவர் மூன்று எக்செல் ஷீட்டை ஒட்டி மாலையில் மெயில் அனுப்புவார், இப்போது மேலாளர் மதியமே திரையில் பார்க்கிறார். இது எண்ணைவிடச் சில நேரம் நன்றாகவே நிற்கும்.

கிளையன்ட் பெயர் ரகசியம் என்றால் "ஒரு ஐரோப்பிய வங்கி" என்று சொல்லுங்கள். துல்லியமான வருமானம் வேண்டாம், விகிதம் போதும். போட்டிக் கம்பெனியின் உள்விவரத்தை நேர்காணலில் கொட்டுகிறவர் நாளைக்கு நம்முடையதையும் கொட்டுவார் என்றுதான் எதிரே இருப்பவர் கணக்குப் போடுவார்.

கிளையன்ட் பக்கத்தில் வேறொரு புராடக்ட் ஓனர் இருந்தால்

ஓஎம்ஆரிலோ கோவையிலோ சர்வீஸ் கம்பெனியில் இருந்தபடி இந்த வேலைக்கு முயற்சி செய்யும் பெரும்பாலோரின் சிக்கல் இதுதான். உங்கள் பதவியின் பெயர் புராடக்ட் ஓனர். உண்மையான புராடக்ட் ஓனர் லண்டனிலோ சிகாகோவிலோ இருக்கிறார். ப்ராக்ஸி புராடக்ட் ஓனர் என்று இதற்குப் பெயரே உண்டு. நேர்காணல் செய்பவர்களில் பலர் அதே பாதையில் வந்தவர்கள், அதனால் மறைத்துப் பயனில்லை. ரோட்மேப்பை நான்தான் போட்டேன் என்று சொல்லி, பட்ஜெட் பற்றிக் கேட்டதும் தடுமாறுவது இந்த நேர்காணல்களில் அடிக்கடி நடக்கிற விபத்து.

எல்லையை நீங்களே வரைந்துவிடுங்கள். "ரோட்மேப்பும் பட்ஜெட்டும் கிளையன்ட் தரப்பில் இருந்தன. ஸ்டோரியை எப்படி உடைப்பது, அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா (எது நடந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது), ஸ்பிரிண்ட்டுக்கான வரிசை, எந்த டிஃபெக்ட்டோடு ரிலீஸ் போகலாம், எதோடு போகக்கூடாது, இவை என்னிடம் இருந்தன." இரண்டே வாக்கியம். இதன்பிறகு ப்ராக்ஸியா என்ற கேள்விக்கு அவசியமே இருக்காது.

அடுத்து, நேர வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. காலை 10 மணிக்கு டெவலப்பர் ஒரு சந்தேகம் கேட்டால் சாயங்காலம் வரை டீம் கையைக் கட்டிக்கொண்டு இருக்காது. யாரோ ஒருவர் "இப்படிப் போங்கள்" என்று சொல்லியிருப்பார். அந்த ஒருவர் நீங்கள்தான் என்றால், அவை எல்லாம் நீங்கள் எடுத்த முடிவுகள். அவற்றில் ஒன்றை எடுங்கள்: என்ன கேள்வி, என்ன இரண்டு வழி, ஏன் இதைச் சொன்னீர்கள், சாயங்காலம் கிளையன்ட் என்ன சொன்னார். அவர் மாற்றச் சொன்னார் என்றாலும் பாதகமில்லை.

உங்கள் பரிந்துரையை கிளையன்ட் ஏற்று பேக்லாக் வரிசை மாறிய ஒரு சம்பவமும் கையில் இருக்கட்டும். "பரிந்துரை என்னுடையது, முடிவு அவருடையது" என்று சொல்லும்போது குரல் தாழ வேண்டியதில்லை.

வேறு வேலையிலிருந்து வருகிறவர்களுக்கு

பிசினஸ் அனலிஸ்ட் என்றால் "கேட்டதை எழுதினேன்" என்பதைவிட்டு, கேட்டதில் எதை வேண்டாம் என்று சொன்னீர்கள் என்பதைச் சொல்லுங்கள். டெஸ்டர் என்றால் யூசர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். ஒரு டிஃபெக்ட் எப்படிப் புதிய அம்சமாக மாறியது என்ற கதை போதும். டெவலப்பர் என்றால் ஒரே ஆபத்து, பேச்சு ஆர்க்கிடெக்சருக்குள் போய்விடும். டெக்னாலஜி பெயர் ஒன்றுக்கு மேல் வேண்டாம். டீம் ஸ்க்ரம் முறைப்படி இயங்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர்களுக்குத்தான் இது சற்றுக் கடினம். செரிமனி நடத்திய கதையாகவே பேச்சு நின்றுவிடும், எதைக் கட்டுவது என்பதில் உங்கள் கை எங்கே இருந்தது என்று தேடித்தான் எடுக்க வேண்டும்.

சிஎஸ்பிஓ, பிஎஸ்பிஓ போன்ற புராடக்ட் ஓனர் சான்றிதழ் இருந்தால் பாதி வாக்கியம் போதும். சிஎஸ்பிஓ-வுக்குப் பயிற்சி வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும், தேர்வு கிடையாது. பிஎஸ்பிஓ 1-க்கு 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். இந்த வித்தியாசம் நேர்காணல் செய்பவருக்குத் தெரியும், அதனால் எதையும் ஊதிக் காட்ட வேண்டாம்.

வேலையில் இடைவெளியோ லே-ஆஃபோ இருந்தால் ஒரே வாக்கியம், காரணத்தோடு, மன்னிப்புக் கேட்காமல். "மார்ச்சில் எங்கள் யூனிட்டை மூடினார்கள்" என்றால் அவ்வளவுதான். விளக்கம் நீண்டால்தான் சந்தேகம் வரும்.

காலை வாரும் சொற்கள்

"டெவலப்பர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பேன்." ஸ்க்ரமில் யார் எதைச் செய்வது என்பதை டீமே முடிவு செய்கிறது. இதைச் சொன்னால் பழைய புராஜெக்ட் லீட் ஒருவர் புதுப் பெயரில் வந்திருக்கிறார் என்று நினைப்பார்கள்.

"டெய்லி ஸ்டாண்டப் நான் நடத்துவேன்." அந்த 15 நிமிடம் டெவலப்பர்களுடையது. நடைமுறையில் பல இடங்களில் புராடக்ட் ஓனர் நடத்துவது உண்மைதான். அதை முதல் சாதனையாகச் சொல்வதுதான் தப்பு.

"வெலாசிட்டியை 40 சதவீதம் ஏற்றினேன்." இதைக் கேட்டதும் அனுபவமுள்ள என்ஜினியரிங் மேனேஜர் உள்ளுக்குள் சிரிப்பார். ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு வேலையின் அளவுக்குப் போடும் மதிப்பு, ஒரு ஸ்பிரிண்ட்டில் முடித்தவற்றின் கூட்டுத்தொகை வெலாசிட்டி. பாயின்ட்டைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டால் வெலாசிட்டி தானாக ஏறும், கஸ்டமருக்கு ஒன்றும் மாறியிருக்காது. போதாக்குறைக்கு, எஸ்டிமேட் போடுவது டெவலப்பர்கள். அதில் நீங்கள் ஏற்றியது என்ன?

"எல்லா ஸ்டேக்ஹோல்டரையும் திருப்திப்படுத்தினேன்." அப்படியானால் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை என்றாகிறது.

பேக்லாக்கைச் செம்மைப்படுத்துவதைக் குறிக்கும் "குரூமிங்" என்பதை ஸ்க்ரம் கைடு 2013-லேயே "ரிஃபைன்மென்ட்" என்று மாற்றிவிட்டது. அலுவலகத்தில் எல்லோரும் இன்னும் குரூமிங் என்றுதான் சொல்கிறார்கள், இதற்காக யாரையும் நிராகரிக்க மாட்டார்கள். இருந்தாலும் புதிய சொல் நாக்கில் பழகியிருப்பது நல்லது.

ஜேடி-யைப் படித்துத் திருப்புங்கள்

ஒரே பதவிப் பெயருக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஜேடி-யில் "பிஐ பிளானிங்", "ரிலீஸ் ட்ரெய்ன்" என்று இருந்தால் அது சேஃப் (பல டீம்களை ஒன்றாகத் திட்டமிட்டு இயக்கும்) முறையில் இயங்கும் பெரிய நிறுவனம். சென்னையில் வங்கிகளின் ஜிசிசி-களில் (பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் சொந்த மையங்களில்) இதை நிறையப் பார்க்கலாம். அங்கே மார்க்கெட்டையும் கஸ்டமரையும் பார்ப்பது புராடக்ட் மேனேஜர், டீமோடு உட்கார்ந்து ஃபீச்சரை ஸ்டோரியாக இறக்குவது புராடக்ட் ஓனர். அந்த இடத்தில் அறிமுகத்தின் நடுப்பகுதி, பக்கத்து டீமைச் சார்ந்திருந்த ஒரு ஸ்டோரியை எப்படி அவிழ்த்தீர்கள் என்பதாக இருக்கலாம். ஸ்டார்ட்-அப் ஜேடி-யில் "யூசர் ரிசர்ச்", "பிரைசிங்", "ரிடென்ஷன்" என்று இருந்தால் இரண்டு வேலையும் ஒரே ஆள் தலையில். அங்கே எந்த யூசரிடம் பேசினீர்கள், என்ன கேட்டதால் மனம் மாறினீர்கள் என்பதை வையுங்கள்.

கேட்கும் ஆளைப் பொறுத்தும் மாற்றுங்கள். ஹெச்ஆர் முதல் அழைப்பில் 45 விநாடி போதும்: எத்தனை வருடம், எந்தத் துறை, எந்த புராடக்ட். முடிவுக் கதையை ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள். என்ஜினியரிங் மேனேஜர் இருந்தால், அவர் டீமின் டெக்னிக்கல் டெட்டுக்கு (அவசரத்தில் தள்ளிவைத்த கோட் சீரமைப்புக்கு) நீங்கள் இடம் விடுவீர்களா என்பதுதான் அவர் கவலை. "ஒவ்வொரு ஸ்பிரிண்ட்டிலும் இதற்கு ஒரு பங்கு ஒதுக்கினோம், இந்தக் காரணத்துக்காக" என்ற ஒரு வரி அவரை நிமிர வைக்கும், உண்மையாக ஒதுக்கியிருந்தால். பிசினஸ் ஹெட் என்றால் ரூபாயிலோ நாட்களிலோ பேசுங்கள். ஸ்பிரிண்ட் என்ற சொல்கூட அவருக்கு வேண்டாம்.

பயிற்சி

எழுதுங்கள். வாய்விட்டுப் படித்து போனில் பதிவு செய்யுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கேளுங்கள், உடனே கேட்டால் தப்பு காதில் விழாது. மூச்சு முட்டும் இடமெல்லாம் வாக்கியம் நீளம் என்று அர்த்தம், இரண்டாக உடையுங்கள். "ஆக்சுவலி", "பேசிக்கலி", "லைக்" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு எழுதிய தாளைத் தள்ளிவைத்துவிட்டு நான்கே சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: டீலர் ஆப், 27-லிருந்து 11, பிசினஸ் அனலிஸ்ட் 4 வருடம், ஆன்போர்டிங். அந்த நான்கை வைத்து ஐந்தாறு முறை பேசுங்கள், ஒவ்வொரு முறையும் வாக்கியம் சற்று மாறி வர வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை மனப்பாடம் செய்தவர் நடுவில் ஒரு கேள்வி வந்தால் விட்ட இடம் தெரியாமல் முதலிலிருந்து தொடங்குவார்.

வீடியோ அழைப்பில் ஓரத்தில் ஒரு டாக்குமென்ட்டைத் திறந்துவைத்துப் படிப்பது எதிர்ப்பக்கம் அப்படியே தெரியும். கண் இடமிருந்து வலமாக ஓடி, திரும்பி, மறுபடி ஓடும். குறிப்பு வேண்டுமென்றால் அந்த நான்கு சொல்லை ஒரு சிறு தாளில் எழுதி கேமராவுக்கு நேர் மேலே ஒட்டுங்கள். மைக்கைத் திறந்தபின் ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் முதல் இரண்டு சொல் போய்ச் சேராது.

நடுவில் குறுக்கே கேட்டால் நிறுத்திவிட்டு அதற்குப் பதில் சொல்லுங்கள். மீதியை முடித்துவிடுகிறேன் என்று திரும்பப் போக வேண்டாம், அவர்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டதால்தான் கேட்கிறார்கள். முடிக்கும்போது "தட்ஸ் ஆல் அபௌட் மி" தேவையில்லை. ஏன் விண்ணப்பித்தீர்கள் என்ற வரியோடு வாயை மூடுங்கள். இரண்டு விநாடி மௌனம் வரும். அதை நிரப்பப் போய்த்தான் பலர் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாம், மூன்றாம் சுற்றிலும் இதே கேள்வி வரும். முந்தைய சுற்றின் குறிப்பு அவர்கள் கையில் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் நடுவில் வைக்கும் முடிவை மாற்றி, இரண்டாவது கதை ஒன்றைச் சொல்லுங்கள். டீம் அளவு, வருடக் கணக்கு, முதல் கதையின் எண்கள் மட்டும் எந்தச் சுற்றிலும் மாறக்கூடாது. சொன்ன எண்களை ஒவ்வொரு சுற்று முடிந்ததும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.